கச்சான் காற்றும் பதினெட்டு வளைவும்

கல்முனையிலிருந்து மேற்கே கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து செல்லும் வீதியில் அமைந்துள்ள சவளக்கடை, கடல் மட்டத்துக்குச் சில மீற்றர் மேலே மட்டும் கிடக்கின்ற நெல்வயல் நிலமாகும். வயல் வட்டைக்கும் சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்வரும் சைக்கிளுக்கு இங்கே கியர் தேவைப்படுவதில்லை. ஏற்றம் என்று சொல்லத்தக்கது பாலத்தின் முதுகும் வாய்க்கால் அணைக்கட்டும்தான். ஆயினும் இந்த வீதியோடு தொடுக்கப்பட்ட வழிகள் மத்தியமுகாம், உகணை, மஹாஓயா, பதியத்தலாவை, மகியங்கனை என்று மேற்கே நீண்டு, ஹசலக்கையைத் தாண்டியதும் நக்கிள்ஸ் மலைத்தொடரின் கிழக்குச் சரிவில் மடிந்து மடிந்து ஏறி, ஹுன்னஸ்கிரியவைக் கடந்து கண்டியை அடைகின்றன. கல்முனை–கண்டி பஸ்ஸில் பயணித்த எவருக்கும் அந்த ஏற்றம் பதினெட்டு வளைவு என்ற பெயரில் நன்கு தெரியும். வீதியை அகலப்படுத்தியபோது ஒரு வளைவு நீங்கி இன்று பதினேழே எஞ்சியுள்ள போதிலும் பழைய பெயரே நிலைத்துவிட்டது.

சமவெளியில் வாழ்கின்ற ஒருவர் இந்த மலையைச் சைக்கிளில் ஏற எண்ணும்போது முதலில் கேட்பது அதன் உயரத்தையே. உண்மையில், ஒரு மலைப்பாதையின் கடினத்தை உயரம் தனியாகத் தீர்மானிப்பதில்லை. அந்த உயரம் எவ்வளவு தூரத்தில் பகிர்ந்து வைக்கப்பட்டுள்ளது, அத்தூரத்தில் காற்று எத்திசையிலிருந்து வீசுகிறது, ஏறுபவரின் உடல் எவ்வளவு வெப்பத்தை வெளியேற்ற முடிகிறது என்ற மூன்றும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன. அம்பாறைக் கரையிலிருந்து புறப்படுபவருக்கு இவற்றுள் இரண்டாவது, சில மாதங்களில் மலையைக்காட்டிலும் பெரிய தடையாகிவிடுகிறது.

கரைக்கும் மலையடிவாரத்துக்கும் இடையே வீதித் தூரம் 100 கிலோமீற்றருக்கும் அதிகம். மகாவலி ஆறு மலைகளிலிருந்து வெளிப்பட்டுச் சமவெளியைத் தொடும் இடமான மகியங்கனையோ கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 100 மீற்றர் உயரத்திலேயே இருக்கிறது. எனவே, இடையிடையே சிறு மேடு பள்ளங்கள் இருந்தாலும், இந்த நீண்ட பகுதியின் சராசரிச் சாய்வு 0.1 சதவீதத்துக்கும் குறைவாகும். சாய்வு என்பது 100 மீற்றர் முன்னே செல்லும்போது வீதி எத்தனை மீற்றர் உயர்கிறது என்பதன் அளவு. 7 சதவீதச் சாய்வு என்றால் 100 மீற்றருக்கு 7 மீற்றர் ஏற்றம். 100 கிலோமீற்றருக்கு மேல் ஏறாமலே இருந்த நிலம், அதன்பின் சில கிலோமீற்றருக்குள் பல நூறு மீற்றர் எழும்புவதற்குக் காரணம் இலங்கையின் நிலவுருவில் உள்ளது. 1929ஆம் ஆண்டு எஃப். டி. அடம்ஸ் என்ற புவியியலாளர், இத்தீவின் தரைத்தோற்றம் மூன்று படிகளாக அமைந்திருப்பதை எடுத்துக்காட்டினார்: கரையோரத் தாழ்நிலம் முதலாவது, சுமார் 500 மீற்றர் உயரத்திலுள்ள நடுப்படி இரண்டாவது, சுமார் 1800 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியா, ஹோட்டன் சமவெளி ஆகியவை மூன்றாவது. இப்படிகள் எவ்வாறு தோன்றின என்பதில் பின்வந்த அறிஞர்கள் வெவ்வேறு விளக்கங்களைக் கூறினர். ஆனால் சைக்கிளில் ஏறுபவரின் கால்களுக்குப் படிகள் இருப்பதில் ஐயம் ஏற்படாது.

படிகளுக்குக் கீழே பாறைகளும் வேறுபடுகின்றன. கிழக்குத் தாழ்நிலத்தின் அடியில் விஜயன் தொகுதி எனப்படும் நைசுப் பாறைகளும், மத்திய மலைகளில் உயர்நிலத் தொகுதி எனப்படும் இன்னொரு பாறைக் கூட்டமும் உள்ளன. இந்தியா, ஆபிரிக்கா, அந்தாட்டிக்கா ஆகியவை கொண்டுவானா என்ற ஒரே பெருங்கண்டமாக இணைந்த காலத்தில், ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன், இரண்டாவது தொகுதி முதலாவதன்மீது தள்ளப்பட்டு ஒட்டிக்கொண்டது. இவ்விரு தொகுதிகளின் எல்லையை ஒட்டிய ஆழமான வெடிப்புகளில் இறங்கும் மழைநீர் பூமியின் உள்வெப்பத்தால் சூடாகி மீண்டும் மேலே வருவதாலேயே மஹாஓயாவில் வெந்நீர் ஊற்றுகள் உள்ளன. அருகில் எரிமலை எதுவும் இல்லை. திருகோணமலைக் கன்னியாவைப் பார்த்தவர்கள் அதே வகையான ஊற்றுகளை இந்தப் பாதையில் மீண்டும் காணலாம். மேற்கு நோக்கிச் செல்பவர் ஒரு பாறைத் தொகுதியைவிட்டு மற்றொன்றை நெருங்குகிறார் என்பதற்கு வழியோரத்தில் கையால் தொட்டறியக்கூடிய சான்று அதுதான்.

ஏற்றத்தில் கால்கள் செய்யும் வேலையைக் கணக்கிடுவது கடினமன்று. சைக்கிளும் ஆளுமாக மொத்தம் 80 கிலோகிராம் என்று கொண்டால், 7 சதவீதச் சாய்வில் புவியீர்ப்பு அவர்களைப் பின்னே இழுக்கும் விசை சுமார் 55 நியூற்றன். மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில் இதை வெல்வதற்கு 150 வாற்றுக்குச் சற்று அதிகமான வலு வேண்டும். வலு என்பது ஒரு செக்கனில் செய்யப்படும் வேலை. அதே வேகத்தில் ரயரின் உருளல் உராய்வுக்குச் சுமார் 11 வாற்றும், காற்றைத் தள்ளுவதற்கு வெறும் 5 வாற்றும் போதும். மொத்தத்தில் 170 வாற்று. பயிற்சியற்ற ஆரோக்கியமான ஒருவர் மணிக்கணக்கில் தரக்கூடியது 75 முதல் 150 வாற்று வரை என்பதால், அவர் வேகத்தை மணிக்கு 7 அல்லது 8 கிலோமீற்றராகக் குறைத்துக்கொண்டால் அதே மலையை ஏறிவிடலாம். ஏற்றத்தில் வேகத்தைக் குறைத்தால் தேவையான வலு ஏறக்குறைய அதே விகிதத்தில் குறைகிறது என்பதே மலைப்பாதையில் சைக்கிளோட்டுபவருக்கு இயற்பியல் தருகின்ற மிகப் பெரிய சலுகை.

ஆனால் இச்சலுகையைச் சாதாரண சைக்கிளால் முழுதாகப் பயன்படுத்த இயலாது. கரையோரக் கிராமங்களில் ஓடும் கியரில்லாச் சைக்கிளின் முன்பற்சக்கரத்தில் 44 பற்களும் பின்னே 18 பற்களும் இருக்குமானால், மிதி ஒருமுறை சுற்றும்போது வண்டி சுமார் 5.4 மீற்றர் முன்னே செல்லும். கனமான அந்தச் சைக்கிளோடு மொத்த நிறை 90 கிலோகிராம் எனில், 7 சதவீதச் சாய்வில் ஒவ்வொரு சுற்றுக்கும் புவியீர்ப்புக்கு எதிராகச் செய்யவேண்டிய வேலை ஏறக்குறைய 334 யூல். அதாவது, மிதியின்மீது சராசரியாக 32 கிலோகிராம் பாரத்துக்குச் சமமான விசை இடைவிடாமல் இருந்துகொண்டே இருக்க வேண்டும். மெதுவாகச் சுற்றினாலும் இவ்விசை குறையாது, மெதுவாகச் சுற்றுவது முழங்காலைத்தான் வருத்தும். முன்னே 34, பின்னே 32 பற்கள் கொண்ட மலைக்கியரில், 80 கிலோகிராம் மொத்த நிறைக்கு, அந்த விசை 12 கிலோகிராம் பாரமாகச் சுருங்குகிறது. கியர் மனிதருக்குப் புதிய வலுவைத் தருவதில்லை. ஒரே வேலையைப் பல சிறு சுற்றுகளாகப் பிரித்து, தசை தாங்கக்கூடிய அளவுக்கு ஒவ்வொன்றையும் இலகுவாக்குகிறது, அவ்வளவே.

கியர் செய்யும் இதே வேலையைத்தான் வளைவுகள் நிலத்தின்மீது செய்கின்றன. செங்குத்தான சரிவில் நேரே ஏறும் பாதை 25 சதவீதச் சாய்வுடையதாக இருக்குமானால், அதே உயரத்தை நான்கு மடங்கு நீளமான பாதையில் பரப்பும்போது சாய்வு ஏறக்குறைய 6 சதவீதமாகிறது. அவ்வளவு நீளத்தை ஒரே சரிவுக்குள் அடக்க வேண்டுமானால் வீதி திரும்பித் திரும்பி மடிந்தாக வேண்டும். தமிழ்நாட்டில் கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதும், இத்தாலியில் 2757 மீற்றர் உயரமுள்ள ஸ்டெல்வியோ கணவாய்க்கு ஒரு பக்கத்தில் மாத்திரம் 48 வளைவுகள் இருப்பதும் இதனாலேயே.

பதினெட்டு வளைவில் ஏறுபவர் கூர்ந்து கவனிக்க வேண்டியது வளைவின் உள்ளோரத்துக்கும் வெளியோரத்துக்கும் உள்ள வேறுபாட்டை. ஒரு கொண்டை ஊசி வளைவின் உள்ளோர ஆரை 6 மீற்றரும் வெளியோர ஆரை 12 மீற்றரும் என வைத்துக்கொண்டால், அரைவட்டம் திரும்புவதற்கு உள்ளே 19 மீற்றரும் வெளியே 38 மீற்றரும் ஓட வேண்டும். இரு பாதைகளும் தொடங்கும் மட்டமும் முடியும் மட்டமும் ஒன்றே என்பதால், வெளியோரத்தில் 6 சதவீதமாக உள்ள ஏற்றம் உள்ளோரத்தில் 12 சதவீதமாகிவிடுகிறது. இலங்கையில் வாகனங்கள் இடப்பக்கமாகச் செல்வதால், ஏறுபவருக்கு இடப்புறம் திரும்பும் வளைவு ஒவ்வொன்றும் உள்ளோரச் செங்குத்தாகவும், வலப்புறம் திரும்பும் வளைவு ஒவ்வொன்றும் வெளியோரத் தளர்வாகவும் அமைகின்றன. மலை ஒரே சீராக இருந்தும் ஒன்றுவிட்டு ஒரு வளைவு மூச்சு வாங்கவைப்பதன் காரணம் இதுவே. இதை அறிந்தவர் இடது வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்து, வலது வளைவில் சற்று இளைப்பாறிக்கொள்வார். எதிரே பஸ் வருகின்ற வீதியில் வெளியோரத்தை நாடி வலப்பக்கம் ஒதுங்குவது மட்டும் எக்காலத்திலும் கூடாது.

மலைநாட்டு வீதிகளின் சாய்வைச் சைக்கிளுக்காக யாரும் வகுக்கவில்லை. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில், 1820களில், கொழும்பையும் கண்டியையும் இணைக்கும் வீதி கடுகண்ணாவைக் கணவாய் ஊடாக வெட்டப்பட்டபோதும் (அதன் பொறியியலாளர் கப்டன் டோசனின் நினைவுக் கோபுரம் இன்றும் அங்கு நிற்கிறது), பதின்பருவத்திலேயே வீதிப்பணியில் சேர்ந்த தோமஸ் ஸ்கின்னர் பின்னர் பல தசாப்தங்களாக மலைகளெங்கும் வீதிகளை அமைத்தபோதும், முதலில் படைகளும் பீரங்கிகளும், பிறகு கோப்பி ஏற்றிய மாட்டுவண்டிகளும் ஏறக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதே அளவுகோலாயிற்று. ஸ்டெல்வியோ வீதியும் அதே தசாப்தத்தில், 1820க்கும் 1825க்கும் இடையில், கட்டப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது. மாட்டின் வலுவுக்கு ஏற்ற சாய்வு மனிதக் கால்களுக்கும் ஏற்றதாக அமைந்துவிட்டது ஒரு தற்செயலான நன்மை. அந்த நன்மைக்கு விலை கொடுத்தவர்களை மறந்து இவ்வீதிகளைப் பற்றி எழுதுவது முறையன்று: தமிழ்நாட்டிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, வறண்ட காடுகளின் ஊடே மாத்தளைவரை நடந்தே வந்து, வழியில் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பெருந்தொகையினரைப் பலிகொடுத்த தொழிலாளர்களே மலையகத்தின் தோட்டங்களையும் அவற்றை இணைத்த வீதிகளில் பலவற்றையும் தம் கைகளால் உருவாக்கினார்கள்.

இனிக் காற்று. மே மாதம் முதல் செப்டெம்பர் வரையில் தென்மேற்குப் பருவக்காற்று இந்து சமுத்திரத்தின் ஈரத்தைச் சுமந்துவந்து மலைநாட்டின் மேற்குச் சரிவில் ஏறுகிறது. உயரே செல்லச் செல்ல அழுக்கம் குறைவதால் காற்று விரிந்து குளிர்கிறது. நீராவி ஒடுங்காதவரை ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் ஏறக்குறைய 10 பாகை செல்சியஸ் வெப்பநிலை குறையும். முகில் உண்டானபின் குளிர்ச்சி மந்தமாகி 5 பாகை அளவுக்கு இறங்கிவிடுகிறது. நீராவி நீராக மாறும்போது தன்னுள் இருந்த மறைவெப்பத்தைக் காற்றுக்கே திருப்பிக் கொடுப்பதே அதற்குக் காரணம். மேற்குக் கரையில் 29 பாகையில் புறப்பட்ட காற்று, 500 மீற்றரில் முகிலாகத் தொடங்கி, 2000 மீற்றர் உச்சியை அடையும்போது சுமார் 17 பாகையில் இருக்கும். ஈரத்தின் பெரும்பகுதியை மழையாக மேற்கிலேயே கொட்டிவிட்டு, உலர்ந்த நிலையில் அது கிழக்கே இறங்குகிறபோது ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் முழு 10 பாகை சூடேறி, தாழ்நிலத்தை 36 அல்லது 37 பாகையில் வந்தடைகிறது. கல்முனையிலும் சவளக்கடையிலும் வயல்களை உலர்த்தி, உதடுகளை வெடிக்கச் செய்யும் கச்சான் காற்று இதுதான். அல்ப்ஸ் மலையின் வடபுறத்தில் ஃபோன் என்ற பெயரில் வீசும் காற்றும் இதே விதிக்கு உட்பட்டதே.

இக்காற்று மேற்கு நோக்கிச் செல்லும் சைக்கிளை நேருக்கு நேர் சந்திக்கிறது. காற்றில்லாத சமதரையில் மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்துக்கு ஒருவருக்குச் சுமார் 110 வாற்று போதும். காற்றுத்தடையோ சைக்கிளுக்கும் காற்றுக்கும் இடையிலான சார்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வதாகையால், எதிரே மணிக்கு 18 கிலோமீற்றர் வேகத்தில் கச்சான் வீசும்போது அதே வேகத்தைக் காக்க 260 வாற்றுக்கும் மேல் தேவை. இவ்வாறு கூடிய விசையைச் சாய்வாக மாற்றிக் கணக்கிட்டால், சமவெளி முழுவதும் ஏறக்குறைய 3 சதவீத ஏற்றமாக மாறிவிட்டதற்குச் சமம். சவளக்கடையிலிருந்து புறப்பட்டவர் இன்னும் நெல்வயல்களின் நடுவே இருக்கும்போதே, காற்றின் வடிவில் மலை அவரிடம் வந்துசேர்ந்துவிடுகிறது என்றே சொல்ல வேண்டும்.

இரவில் தரை குளிர்வதால் அதையொட்டிய காற்றுப் படலம் கனமாகித் தங்கிவிட, மேலே வீசும் வேகமான காற்று அதன்மீது வழுக்கிச் செல்கிறது. சூரியன் ஏறித் தரை சூடாகிக் காற்று மேலும் கீழுமாகக் கலக்கத் தொடங்கியதும் மேலிருந்த வேகம் தரைக்கு இறங்குகிறது. கச்சான் காலத்தில் அதிகாலைச் சுபஹ் தொழுகை முடிந்த கையோடு புறப்படுவது நல்லது என்பதற்கு இதுவே விளக்கம். காலை ஒன்பது பத்து மணிக்குப் பின் காற்றோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். எனினும் அதற்கும் முந்தி, இருளோடு இருளாகக் கிளம்பி உகணைக்கு மேற்கேயுள்ள காட்டுப்பகுதியை விடியலிலேயே அடைவது ஆபத்தானது. அந்தியிலும் விடியலிலும் யானைகள் வீதியைக் கடக்கும் நேரமது, ஓசையின்றி வரும் சைக்கிளை அவை எதிர்பார்ப்பதில்லை.

கண்டி வழியைத் தவிர்த்துப் பதுளை வழியை நாடுவோருக்கு மஹாஓயாவிலிருந்து பிபிலை, லுணுகலை, பசறை என்று செல்லும் ஏ5 வீதி இருக்கிறது. கல்ஓயா, அதாவது பட்டிப்பளை ஆறு, பதுளைக்குக் கிழக்கேயுள்ள மலைகளில் பிறந்து, இங்கினியாகலையில் சேனநாயக்க சமுத்திரமாகத் தேங்கி, அங்கிருந்து வாய்க்கால்கள் வழியே கரையோர வயல்களுக்குப் பாய்கிறது. எனவே லுணுகலைப் பக்கம் ஏறும் சவளக்கடைக்காரர் ஒருவர் தம் ஊர் வட்டைகளுக்கு நீர் பிறக்கும் மலைகளையே நெருங்குகிறார். தெற்கே வெல்லவாயாவிலிருந்து எல்லவுக்கு ஏறும் ஏ23 வீதி இவற்றுள் மிக அழகானது. ராவணா எல்ல நீர்வீழ்ச்சி வீதியோரத்திலேயே விழுகிறது, எல்ல இடைவெளி எனப்படும் மலைப்பிளவின் ஊடே தெற்குச் சமவெளி முழுதும் தெரிகிறது. அருகில் செல்லும் பதுளை ரயில் பாதை 44க்கு 1 என்ற, அதாவது 2.3 சதவீதச் சாய்வை மீற முடியாததால், தெமோதரையில் தன்னைத்தானே சுற்றித் தன் அடியிலேயே நுழைந்து செல்கிறது. இரும்புச் சக்கரத்துக்கு முடியாத ஏற்றத்தைச் சைக்கிளின் றப்பர் ரயர் எளிதாகக் கடப்பதை இங்கே ஒருசேரக் காணலாம்.

இறக்கம் வேறொரு பிரச்சினையைக் கொண்டுவருகிறது. 600 மீற்றர் உயரத்திலிருந்து 80 கிலோகிராம் நிறை இறங்கும்போது விடுபடும் சக்தி ஏறக்குறைய 4 இலட்சத்து 70 ஆயிரம் யூல். பிரேக்கை இடைவிடாது பிடித்தபடி மெதுவாக இறங்கினால் இதில் பெரும்பங்கு பிரேக் கட்டையிலும் சக்கர விளிம்பிலும் வெப்பமாக மாறும். ஒன்றரை லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமான அவ்வெப்பம் றிம்மைச் சூடாக்கி, ரியூப்பை வெடிக்கவும் வைக்கலாம். ஆதலால் நேர்ப்பகுதியில் காற்றுத்தடையே வேகத்தை ஓரளவு கட்டுப்படுத்த விட்டு, வளைவுக்கு முன் இரு பிரேக்குகளையும் உறுதியாகச் சிறிது நேரம் பிடித்து விடுவிப்பதே சரியான முறை. 10 மீற்றர் ஆரையுள்ள வளைவில் காய்ந்த தாரில் மணிக்கு 30 கிலோமீற்றர் வரை ரயர் பிடித்து நிற்கும்; நனைந்த தாரில் 20ஐத் தாண்டுவது விபரீதம்.

நனைந்த தார் கிழக்குச் சரிவுகளில் அரிதன்று. ஒக்டோபர் முதல் ஜனவரி வரை கிழக்குக்கும் ஊவாவுக்கும் மழை வரும் காலம். கிட்டங்கித் தாம்போதியின்மேல் வெள்ளம் பாய்ந்து சவளக்கடைக்கும் கல்முனைக்கும் இடையிலான போக்குவரத்தே தடைப்படும் அதே வாரங்களில், மலைகளில் நீர் ஊறிய மண் சரிகிறது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயன் வீடுகள் மண்ணுக்குள் புதைந்து பல குடும்பங்கள் மாண்ட துயரம் நிகழ்ந்தது, வெல்லவாயாவிலிருந்து ஹப்புத்தளைக்கு ஏறும் வழியை ஒட்டிய மலைச்சரிவில்தான். மண்சரிவு எச்சரிக்கை உள்ள நாட்களில் இவ்வீதிகளில் சைக்கிள் செலுத்துவதை வீரமாகக் கருதுவது தவறு. பெப்ரவரி இறுதியிலிருந்து மார்ச் முடியும்வரை, வாடைக்காற்று ஓய்ந்து கச்சான் இன்னும் தொடங்காத இடைவெளியே இப்பயணத்துக்கு மிகப் பொருத்தமானது.

கச்சான் காலத்திலேயே சென்று திரும்புவோர், திரும்பும் வழியில் அக்காற்றைத் துணையாகப் பெறுவர்: மணிக்கு 18 கிலோமீற்றர் பின்காற்றில், 25 கிலோமீற்றர் வேகத்தைக் காக்க 35 வாற்றுகூடத் தேவையில்லை. ஆனால் அப்போது உடலின்மீது படும் காற்றின் வேகம் மணிக்கு 7 கிலோமீற்றர் மாத்திரமே, அதுவும் தோலைவிடச் சூடான காற்று. உடல் வெப்பத்தை வெளியேற்ற வியர்வை ஆவியாவதைத் தவிர வேறு வழியில்லாத அந்நிலையில், உலர்ந்த காற்று வியர்வையைத் தோன்றிய கணமே குடித்துவிடுவதால் சட்டை நனைவதே இல்லை. நீரிழப்பு தெரியாமலே கூடிக்கொண்டு போகிறது. கால்கள் இலகுவாகச் சுற்றுகின்றன என்பதற்காகப் பதியத்தலாவையிலும் மஹாஓயாவிலும் நிறுத்தாமல் வருவதைவிட, ஏறும்போது குடித்த அளவுக்கே இங்கும் தண்ணீர் குடித்து, சிறிது உப்பும் சேர்த்துக்கொண்டு வருவது அவசியம்.